பச்சை விளக்கு எரிகிறது, பிறகு எதற்கு யுபிஎஸ் சோதனை?

கேள்வி, ஜூன் 14
(அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை நடத்தும் ஒருவர்)

ஆலை அலுவலகத்தில் 1 கேவிஏ யுபிஎஸ் வைத்து மூன்று வருடம் ஆகிறது. பச்சை விளக்கு எரிகிறது. முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் 10 விநாடி ஓடிப் பார்த்துவிட்டுச் சரி என்கிறது. விற்றவர் 50 நிமிடம் தாங்கும் என்றார். மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் வேலை இல்லாதவர்கள் என்று நினைக்கிறேன். தவறு என்றால் சொல்லுங்கள்.

ஜூன் 14, இரவு

தவறுதான், அண்ணாச்சி. வேலை இல்லாதவர்கள் என்றது மட்டும் பாதி சரி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாடிக்கையாளர் கடையில் மெயினை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை ஊர் வேறு எப்படிச் சொல்லும்?

அந்த 10 விநாடியில் பெட்டி தெரிந்துகொள்வது இவ்வளவுதான்: பேட்டரி என்று ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது, சுமை ஏறியவுடன் அது படுத்துவிடவில்லை. பதினோராவது விநாடி அதற்குத் தெரியாது. முக்கால்வாசி செத்த பேட்டரியும் இந்தத் தேர்வில் தேறிவிடும். வண்ணார்பேட்டையில் நான் பார்த்துக்கொள்ளும் தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் காலையில் பொத்தானை அழுத்தியபோது பச்சை. மாலையில் மழைக்கு மின்சாரம் போனது. சர்வர் 3 நிமிடம்கூட நிற்கவில்லை.

அந்த 50 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு இருக்கும். 12 × 7 × 2 = 168 வாட்-மணி. சுமை 200 வாட் என்று வைத்து வகுத்தால் 50 நிமிடம் வரும். பள்ளிக்கூடக் கணக்காகச் சரி. ஆனால் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் 7 ஏஎச் என்பது 0.35 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெல்ல வடித்தால் கிடைக்கும் அளவு. 10 ஆம்பியர் வீதம் உறிஞ்சினால் ஈய-அமிலப் பேட்டரி அவ்வளவு தராது. ஏறக்குறைய பாதிதான் தேறும். மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பதில் பெட்டி தன் பங்கையும் எடுத்துக்கொள்ளும். புதுப் பேட்டரியிலேயே 20 நிமிடத்தை ஒட்டித்தான் எதிர்பார்க்கலாம். மூன்று வருடப் பேட்டரியில் எவ்வளவு? அதைத்தான் அணைத்துப் பார்க்கச் சொல்கிறோம்.

என்னென்ன மாட்டியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஜூன் 15, காலை

பட்டியல் வந்தது. ஃபைபர் மோடம் 8 வாட், ரவுட்டர் 10, எட்டு கேமராக்களும் அவற்றுக்கு மின்சாரம் தரும் ஸ்விட்சும் சேர்ந்து 50, கேமராப் பதிவுப் பெட்டி 20, சர்வராக இருக்கும் கணினி 80, திரை 20, எடைமேடைக் கருவி 10. கிட்டத்தட்ட 200. நான் சும்மா வைத்த எண் அப்படியே பொருந்திவிட்டது, அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

ஆனால் பட்டியலின் கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 'லேசர் பிரிண்டரும் அதில்தான்.' அதை இன்றே கழற்றுங்கள். லேசர் பிரிண்டர் உள்ளே மையை உருக்கி ஒட்டுகிற உருளை சூடாகும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். 1 கேவிஏ என்று எழுதியிருக்கும் சிறிய பெட்டிகள் பெரும்பாலும் 600 வாட்டுக்குத்தான். விஏ வேறு, வாட் வேறு. மின்தடையின்போது யாராவது ஒரு பில்லை அச்சடித்தால் போதும், பெட்டி அலறிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். எடைச் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கட்டும், அது சாது.

ஜூன் 15, மத்தியானம்

சோதிக்கிற முறை கேட்டிருக்கிறீர்கள்.

முதல் நாள் முழுக்கச் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். வேலை நேரம் முடிந்த பிறகு, கணக்குத் தரவை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவ வேண்டாம். உருவினால் எர்த்தும் சேர்ந்து போய்விடும், கருவிகள் எர்த் இல்லாமல் ஓடும். சுவர் சுவிட்சை அணையுங்கள், அல்லது மின்பலகையில் அந்தச் சுற்றுக்கு உரிய எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். அப்படிச் செய்தால் எர்த் அப்படியே நிற்கும்.

பிறகு நேரத்தைக் குறியுங்கள். முதல் பீப் எப்போது, விடாமல் அடிக்கும் பீப் எப்போது, எந்தக் கருவி முதலில் போனது. காகிதத்தில் எழுதி யுபிஎஸ்ஸின் பக்கவாட்டிலேயே ஒட்டுங்கள். செல்பேசியில் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டு அது கிடைக்காது.

புதுப் பேட்டரி போட்ட மாதத்திலேயே ஒரு முறை இப்படி ஓட்டி அந்த எண்ணை எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1188 என்ற வழிகாட்டி இந்த வகை மூடிய பேட்டரிகளுக்கு உரியது. குறித்த கொள்ளளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்று என்கிறது. 80 இருக்கும்போதே மாற்றுவதா என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு இறக்கம் வேகமாகப் போகும் என்பதுதான் காரணம். நம் ஊரில் யாரும் 80இல் மாற்றுவதில்லை. நானும் வாடிக்கையாளரை 60 வரை இழுத்துப் பிடிக்கத்தான் விடுகிறேன், ஆனால் எழுதி வாங்கிக்கொண்டு.

ஜூன் 15, இரவு

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மின்பணியாளர்: 'இத்தனை பாடு எதற்கு? மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.8 வோல்ட் காட்டினால் பேட்டரி நல்லது.'

ஒப்புக்கொள்ள முடியவில்லை. 12.8 என்றால் அது முழுச் சார்ஜில் இருக்கிறது என்று பொருள். எவ்வளவு கொள்ளும் என்று அந்த எண் சொல்லாது. குதிர் நிறைய நெல் தெரிகிறது, சரி. அடியில் பாதிக்கு மண் மேடிட்டுக் கிடந்தால் மேலேயிருந்து பார்ப்பவருக்குத் தெரியுமா? சுமையை வைத்து 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்தால் அது வேறு கதை. அதற்கு மீட்டர் தாராளமாக உதவும்.

ஜூன் 17

வள்ளியூர் நண்பர்: 'பக்கத்திலேயே கூடங்குளம். ஆயிரம் மெகாவாட் அணு உலை இரண்டு ஓடுகிறது. பணகுடி முதல் முப்பந்தல் வரை காற்றாலை. நமக்கு எதற்கு ஐயா பேட்டரி?'

இந்தக் கேள்வி திருநெல்வேலிக்காரன் ஒவ்வொருவனுக்கும் வயிற்றெரிச்சலோடு வருவதுதான். கூடங்குளத்து மின்சாரம் 400 கிலோவோல்ட் தடத்தில் ஏறி அபிஷேகப்பட்டி போன்ற பெரிய துணைமின் நிலையங்கள் வழியாக ஊர் ஊராகப் போகிறது. நம் தெருவுக்கு வருவது கடைசி 11 கிலோவோல்ட் கம்பி. அதன் மேல் வேப்பங்கிளை முறிந்து விழுந்தால் உலை ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? உற்பத்தி குறைந்து வரும் மின்வெட்டு வேறு, கம்பி அறுந்து வரும் மின்தடை வேறு.

2012 ஜூலைக் கடைசியில் வட இந்தியா முழுக்க இருண்டபோது நாம் தப்பித்தோம். அப்போது தென்மண்டலக் கட்டமைப்பு வடக்கோடு ஒத்திசைவாக இணைந்திருக்கவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தில் அந்த இணைப்பு வந்தது 2013 டிசம்பர் 31இல்தான். ஆனால் அந்த 2012இல் நாம் நிம்மதியாகவா இருந்தோம்? நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. தெருவுக்குத் தெரு 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வந்து குடியேறிய காலம் அது. இன்றைக்கும் பாதிக் கடைகளில் நெட்வொர்க் அந்த இன்வெர்ட்டரில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 17, சற்றுக் கழித்து

இன்வெர்ட்டர் என்று எழுதியதும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இந்த ஆனி, ஆடிக் காற்றில் நமக்கு வருகிற தொல்லை நீண்ட மின்தடை அல்ல. கண் சிமிட்டுகிற நேரத்துக்குப் போய்த் திரும்பி வருவது. மின்விசிறி நிற்பதற்குள் வந்துவிடும். ஆனால் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்து இணையத்தைப் பிடிக்க 2, 3 நிமிடம். அரை விநாடித் தடை கடைக்கு 3 நிமிடத் தடையாகிவிடுகிறது. காற்றடிக்கிற பிற்பகலில் இப்படி ஏழெட்டு முறை நடந்தால் கல்லாவில் இருப்பவர் 'இணையம் சரியில்லை' என்று கேபிள்காரரைத் திட்டுவார். கேபிள்காரர் பாவம்.

சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லி விநாடிக்குள் எடுத்துக்கொள்ளும். கணினியின் மின்வழங்கி அந்த இடைவெளியைத் தன்னிடம் தேங்கியிருப்பதை வைத்துத் தாண்டிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண நிலையில் அதைவிட அதிகம் எடுக்கும். விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். பின்பக்கத்தில் யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். பலருடைய பிரச்சினை காசில்லாமல் அங்கேயே தீர்ந்துவிடும். சுவிட்சைப் போட்டும் கணினி மட்டும் விழுகிறது என்றால், பெட்டி தருகிற அலை படிப்படியாக வெட்டிய அலையா என்று பாருங்கள். சில புதிய கணினி மின்வழங்கிகள் அதை ஏற்பதில்லை. தூய சைன் அலை தருகிற பெட்டி வேண்டும்.

ஆன்லைன் யுபிஎஸ்ஸில் மாறுகிற நேரமே இல்லை, எப்போதும் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். விலை, சூடு, விசிறிச் சத்தம் மூன்றும் கூடுதல். மருத்துவமனைக்கு வாங்கலாம். பாத்திரக் கடைக்கு வேண்டாம்.

ஜூன் 19

பேட்டையிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருந்தார். யுபிஎஸ்ஸைத் திறந்தால் உள்ளே கருகிய பல்லி. இது உத்தரவாதத்தில் வருமா என்று கேட்கிறார். பல்லி எந்தப் பக்கம் விழுந்தால் என்ன பலன் என்பதுதான் பஞ்சாங்கத்தில் இருக்கிறது, சர்க்யூட் பலகை மேல் விழுந்தால் என்ன என்று இல்லை. காற்றோட்டத் துளைகளின் மேல் கொசு வலைத் துண்டை ஒட்டுங்கள், ஆனால் மாதம் ஒரு முறை தூசி தட்ட வேண்டும். தட்டாவிட்டால் வலையே மூடி ஆகிவிடும்.

ஜூன் 23

முதலில் கேட்ட அம்பை (அம்பாசமுத்திரம்) அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை சோதித்துவிட்டார். எழுதியிருப்பது: பிரிண்டர் கழற்றப்பட்டது. அணைத்தது 4.10க்கு. முதல் பீப் உடனே. விடாத பீப் 4.16க்கு. முழுவதும் இருட்டு 4.19க்கு. 50 நிமிடத்துக்குப் பதில் 9 நிமிடம். கூடவே ஒரு வரி: 'விற்றவரிடம் பேசிக்கொள்கிறேன்.'

விற்றவரை விட்டுவிடுங்கள், அண்ணாச்சி. மூன்று வருடத்துக்கு 9 நிமிடம் கேவலமான எண் இல்லை. உங்களுக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்பதைத்தான் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. லாரி வாசலில் நிற்கும்போது இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்சீட்டு) எடுக்க வேண்டும். தமிழகத்துக்குள் போகிற சரக்கென்றால் 1 லட்ச ரூபாய்க்கு மேல் அது கட்டாயம். 25 கிலோவைத் தாண்டினால் ஜிஎஸ்டி இல்லை என்று 26 கிலோ மூட்டை போடுகிற ஆலையென்றால் வரியும் இல்லை, பில்லும் இல்லை, அது உங்கள் ரகசியமாகவே இருக்கட்டும். பில் எடுக்கத் தேவை கணினி, ரவுட்டர், மோடம், சிறிய ஸ்விட்ச். கேமராக்களை வேறு பெட்டிக்கு மாற்றினால் சுமை 200இலிருந்து 130க்கு இறங்கும். சுமை மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் நேரம் அதைவிடக் கூடுதலாக நீளும். மெல்ல வடித்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று 20 மணி நேரக் கணக்கில் சொன்ன விஷயம் இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்பும்.

ஜூன் 23, இரவு

இன்னொன்று. ஜூன் 15 மத்தியானம் எழுதியதைப் படித்துவிட்டு இனி எல்லாரும் இருட்டாகும்வரை ஓட்டுவார்களோ என்று தோன்றுகிறது. அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். உயிருள்ள சர்வரை வைத்துக்கொண்டு கடைசிவரை ஓட்டாதீர்கள். தரவு எழுதிக்கொண்டிருக்கும்போது வட்டு நின்றால் கணக்குக் கோப்பு சிதையலாம். சர்வரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 100 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுவார்களே, அதே பல்பு. கடையில் இன்னும் கிடைக்கிறது. எல்இடி எடுத்து வந்துவிட வேண்டாம், அது 9 வாட். பல்பு சூடாகும், சாக்குப் பக்கம் வைக்காதீர்கள்.

முழுக்க வடித்து ஓட்டுவது ஆண்டுக்கு ஒரு முறை போதும். ஒவ்வொரு ஆழ்ந்த வடிப்பும் ஈயப் பேட்டரியின் ஆயுளில் கொஞ்சம் தின்கிறது. வடித்த பிறகு அப்படியே போட்டு வைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து மொத்தமாகக் கெடும். நடுவில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 5 நிமிடம் மட்டும் அணைத்துப் பாருங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு: சோதனை முடிந்து மறுபடி நிறைய 8, 10 மணி நேரம் ஆகும். அதற்குள் உண்மையாகவே மின்சாரம் போனால் கையில் ஒன்றும் இருக்காது. மேற்கே மேகம் திரண்டு நிற்கிற மாலையில் சோதனை வேண்டாம்.

ஜூன் 27

களக்காட்டிலிருந்து: 'என் கடையில் யுபிஎஸ், ரவுட்டர், மோடம் எல்லாம் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஊரில் மின்சாரம் போன அடுத்த அரை மணியில் இணையம் போய்விடுகிறது. சுவிட்சை அணைத்து நான் சோதிக்கும்போது மட்டும் ஒழுங்காக இருக்கிறது.'

இந்த இழையில் வந்த சிறந்த கேள்வி இதுதான். உங்கள் சுவிட்சை அணைத்தால் உங்கள் கடை மட்டும்தான் இருட்டாகிறது. ஃபைபரின் மறுமுனையில், கேபிள்காரரின் அறையில், ஓஎல்டி என்று ஒரு பெட்டி இருக்கிறது. நடுவில் தூண்களில் தொங்குகிற பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குத் தேவை. ஊர் மொத்தமும் போகும்போது அதுவும் தன் பேட்டரிக்குப் போகிறது. அந்தப் பேட்டரிக்கும் உங்களுடையதைப் போலவே வயதாகியிருக்கும்.

மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னினால் மறுமுனையிலிருந்து ஒளியே வரவில்லை. பிஓஎன் விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் இல்லையென்றால் கோளாறு அதற்கும் அப்பால்.

இதைச் சோதிக்க நம்மிடம் இலவச ஏற்பாடு ஒன்று இருக்கிறது: மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. எந்தத் துணைமின் நிலையம், எந்த ஊர்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று நாளிதழில் முன்கூட்டியே போடுகிறார்கள். எல்லாரும் அதைப் பார்த்து மாவரைக்கவும் தண்ணீர்த் தொட்டி நிரப்பவும் திட்டமிடுகிறோம். அன்று ஒரு காகிதத்தோடு மோடத்தின் முன்னால் உட்காருங்கள். உங்கள் கடை, தெரு, கேபிள்காரர், செல்பேசிக் கோபுரம் எல்லாம் ஒரே நேரத்தில் தேர்வு எழுதுகிற நாள் அது ஒன்றுதான்.

ஜூன் 28

செல்பேசி இணையத்தை மாற்றாக வைத்திருப்பவர்களுக்கு: நல்லதுதான். ஆனால் கோபுரமும் பேட்டரியில்தான் நிற்கிறது. பகல் முழுக்க நீளும் தடையில் பிற்பகலுக்கு மேல் அது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் போகாது என்று எழுதிக் கொடுக்க யாரும் இல்லை.

ஜூலை 2

ஆலைகளில் டீசல் ஜெனரேட்டர் இருப்பவர்கள் கவனிக்க. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் யுபிஎஸ் 'டக், டக்' என்று அடித்துக்கொண்டே பேட்டரியிலேயே இருக்கிறதா? பெரிய மோட்டார் ஒன்று ஏறி இறங்கும்போது ஜெனரேட்டரின் வோல்ட்டும் அதிர்வெண்ணும் ஆடும். யுபிஎஸ் அதை நல்ல மின்சாரம் என்று ஏற்காது. வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க, உள்ளே பேட்டரி தீர்ந்து நெட்வொர்க் விழும். பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே புரியாது. சில பெட்டிகளில் உணர்திறனைக் குறைக்கும் அமைப்பு உண்டு, அதை மாற்றுங்கள். சோதிக்கும்போது ஜெனரேட்டர் சும்மா ஓடினால் போதாது, ஆலையின் மோட்டாரும் ஓட வேண்டும்.

குறைந்த மின்னழுத்தமும் இதே வேலையைச் செய்யும். மாலையில் பம்புசெட்டுகள் ஓடுகிற பக்கங்களில் 170க்குப் போகும். மின்தடையே இல்லாமல் பேட்டரி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்கும். 'எங்கள் ஊரில் மின்சாரம் போவதே இல்லை, பேட்டரி மட்டும் ஒரே வருடத்தில் போய்விட்டது' என்று சொல்பவர்கள் மாலை 7 மணிக்கு மீட்டர் வைத்துப் பார்க்கட்டும்.

ஜூலை 9

நேற்று நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர். ரத வீதியில் துணிக்கடை ஒன்றின் நெட்வொர்க் என் பொறுப்பு. தேர் வருகிற நேரத்தில் வீதியில் மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்பது ஊருக்கே தெரியும். கடைக்காரர் அன்று வியாபாரத்தை எதிர்பார்ப்பதும் இல்லை, வாசலில் நின்று கும்பிடத்தான். நான் உள்ளே பெட்டியின் முன்னால்.

சோதனை நன்றாகவே நடந்தது. நெட்வொர்க் மட்டும் இருந்த பெட்டி தடை முழுக்கத் தாக்குப்பிடித்தது. கூத்து மின்சாரம் திரும்பி வந்த பிறகுதான். கல்லாக் கணினிக்கு உரிய இன்னொரு பெட்டியின் பேட்டரி வடிந்து அணைந்திருந்தது. மின்சாரம் வந்ததும் அது உடனே கணினிக்குக் கொடுத்தது. கணினி எழுந்து பாதி வழியில் இருக்கும்போது மறுபடி மின்சாரம் போனது. பேட்டரியில் ஒன்றுமில்லை, கணினி தடாலென்று விழுந்தது. மறுபடி வந்தது, மறுபடி எழுந்தது. முதல் தடையைவிட இப்படித் திரும்பி வருகிற தடவைகள்தான் வட்டுகளைக் கொல்கின்றன.

பெரிய பெட்டிகளில் இத்தனை சதவீதம் சார்ஜ் ஏறிய பிறகே சுமைக்குக் கொடு என்று அமைக்கலாம். அந்த வசதி இல்லாத சிறிய பெட்டியென்றால், மின்சாரம் திரும்பியதும் தானாக எழ வேண்டாம் என்று கணினியின் பயாஸில் (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) அமைத்துவிட்டுக் கையால் ஏற்றுங்கள். அதற்கு முன்னதாக, யுபிஎஸ்ஸையும் சர்வரையும் யுஎஸ்பி கம்பியால் இணையுங்கள். பேட்டரி குறைந்தால் சர்வர் தானாக ஒழுங்காக மூடிக்கொள்ளும். நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் போதும். பெட்டியோடு வருகிற அந்தக் கம்பி பெரும்பாலான கடைகளில் நெகிழி உறைகூடப் பிரியாமல் மேசை இழுப்பறையில் தூங்குகிறது.

ஆக, சோதனை என்றால் அணைப்பது பாதி, ஏற்றுவது மீதி. முதலில் மோடம், பிறகு ரவுட்டர், பிறகு ஸ்விட்ச், அப்புறம் சர்வர், கடைசியாகக் கல்லா. எல்லாமே ஒரே நேரத்தில் எழும்போது எது யாரைத் தேடித் தவிக்கிறது என்பதைப் பாருங்கள். துணிக்கடையில் கார்டு தேய்க்கும் கருவி ரவுட்டருக்கு முன்னால் எழுந்து, அது தர வேண்டிய நெட்வொர்க் முகவரி கிடைக்காமல், அப்படியே விழித்துக்கொண்டிருந்தது.

ஜூலை 9, இரவு

தேர் நிலைக்கு வந்த நேரம் கேட்டு நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். இது யுபிஎஸ் இழை.

ஜூலை 13

யுபிஎஸ்ஸை எங்கே வைப்பது? மூடிய பேட்டரியின் ஆயுளை 25 டிகிரிக்குக் கணக்கிட்டு எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 8, 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஐந்து வருடப் பேட்டரியைத் தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், சன்னல் இல்லாத மூலையில் வைத்தால் இரண்டு வருடத்தில் அது உப்பிப்போய்ப் பெட்டியிலிருந்து உருவ முடியாமல் நிற்கும். நான் ஒரு முறை பெட்டியின் தகட்டையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஏசி அறையில் வைக்க முடியாவிட்டால் மேற்குச் சுவரையாவது தவிருங்கள்.

தரையிலும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், சந்திப்புப் பக்கம் கீழ்த்தளங்களில் மேசைக்கடியில் வைத்த யுபிஎஸ்களெல்லாம் முதலில் மூழ்கின. தண்ணீர் வடிந்து சேற்றோடு வந்த பெட்டியை வெயிலில் காய வைத்து மறுபடி மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. மாட்டக் கூடாது. இடுப்பு உயரத்துக்காவது ஒரு தட்டு அடித்து அதன் மேல் வையுங்கள். கனமான பெட்டி, ஆணி நல்ல ஆணியாக இருக்கட்டும்.

ஜூலை 16

மினி யுபிஎஸ் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. ரவுட்டருக்கும் மோடத்துக்கும் 12 வோல்ட் நேரடியாகக் கொடுக்கிற உள்ளங்கை அளவு பெட்டி. எனக்குப் பிடிக்கும். 12ஐ 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குகிற வீண்செலவு இல்லை. ஆனால் மேலே 10,400 எம்ஏஎச் என்று எழுதியிருப்பதை 12 வோல்ட்டோடு பெருக்காதீர்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்லின் கணக்கு. பெருக்கினால் 38 வாட்-மணிதான். மோடமும் ரவுட்டரும் சேர்ந்து 18 வாட் என்றால் 2 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடைக்கு அது தாராளம். கருவியின் அடாப்டரில் எழுதிய வோல்ட், ஆம்பியர், முனையின் கூட்டல் கழித்தல் மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு விசித்திரம். 18 வாட் சுமையை மட்டும் பெரிய 1 கேவிஏ பெட்டியில் மாட்டினால் சில மாதிரிகள் 'சுமையே இல்லை' என்று நினைத்துச் சில நிமிடங்களில் தானாக அணைந்துகொள்ளும். பேட்டரியைக் காப்பாற்றுகிறதாம். சுமையைக் குறைத்தால் நேரம் நீளும் என்று நான் அம்பை அண்ணாச்சிக்குச் சொன்னதை வைத்துக்கொண்டு யாராவது எல்லாவற்றையும் கழற்றிவிடுவதற்கு முன்னால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய 130 வாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஜூலை 20

அம்பை அண்ணாச்சி பேட்டரி மாற்ற முடிவெடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் மாற்றலாமா, இன்னொன்று நன்றாக இருக்கிறதே என்கிறார். தொடராக இணைந்த இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே சங்கிலியில் இருந்தால் பழையது முன்கூட்டியே தீர்ந்து மற்றதையும் இழுத்துப் போடும். சார்ஜும் இரண்டுக்கும் சமமாக ஏறாது.

பழையதை, புதியது வாங்குகிற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 வந்த பிறகு திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. தெருவில் வருகிற பழைய இரும்புக்காரர் 20 ரூபாய் கூடுதலாகத் தருவார். அவருக்குப் பிறகு அது எங்கோ ஓடைக்கரையில் உடைபட்டு ஈயம் உருகும், அமிலம் மண்ணுக்குள் போகும்.

புதியதை வாங்கும்போது மேலே அச்சிட்ட தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். சார்ஜ் ஏற்றாமல் அலமாரியில் ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த ஈயப் பேட்டரி வேண்டாம், விலை குறைத்தாலும் வேண்டாம். மாட்டியதும் ஒரு நாள் முழுக்கச் சார்ஜில் விட்டுவிட்டு, மறுநாள் 130 வாட் சுமையோடு ஓட்டிப் பார்த்து வருகிற எண்ணை இங்கேயும் எழுதுங்கள், அண்ணாச்சி. என் ஊகம் 35 நிமிடம்.